கடனுக்கு மாமியார் நம்பர் எதற்கு?

கேள்வி: ஐந்தே நிமிடத்தில் கடன் தருகிறதாமே ஒரு செயலி, வாங்கலாமா?
– ஒரு வாசகர், கிளியனூர்

பதில்: கிளியனூர் பஸ் திண்டிவனம் போய்ச் சேருமுன் பணம் வந்துவிடும். மிரட்டல் அடுத்த பஸ்ஸில் வரும்!

2021 ஜனவரியில் இப்படியொரு செயலி வழக்கில் சென்னை போலீஸார் பெங்களூரு போய்ச் சீனர்கள் இருவரைக் கைது செய்தார்கள். அதே ஆண்டு ரிசர்வ் வங்கிக் குழு கண்டெடுத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை.

செல்போனிலுள்ள மாமியார் நம்பரும் கல்யாணப் படமும் கடன் கொடுப்பவருக்கு எதற்கு? மிரட்டத்தான்! அவற்றைச் செயலி தொடவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதி. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு என்பதையும் முன்பே எழுத்தில் தர வேண்டும். பின்னாலிருப்பது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்று சொல்லாத செயலியை உடனே நீக்கிவிடலாம்.

அவசரத்துக்குக் கூட்டுறவு வங்கி நகைக்கடனே மேல். ஏற்கெனவே சிக்கியவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.