பாட்டு மிஸ் வெப்சைட் செய்யும் முறை

சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ மாடி போர்ஷனில் பாட்டு கிளாஸ் நடத்துகிறீர்கள். கேட்டில் தொங்கும் தகரப் பலகையை மழை அழித்துவிட்டது. அடுத்த தெரு கீபோர்டு சார் வெப்சைட் வைத்துவிட்டார். இனி நீங்களும் வைத்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் நிறம். என்ன எழுதுவது என்பதெல்லாம் அப்புறம். வலைப்பக்கத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஆறு இலக்கக் குறியீடு உண்டு. கறுப்புக்கு ஆறு சுழியம், வெள்ளைக்கு ஆறு எஃப். மிரளாதீர்கள். 'மாய' என்ற இரண்டெழுத்தைக் கடபயாதியில் 51 ஆக்கி, அதைத் திருப்பிப் போட்டு, மாயாமாளவகௌளை 15-ஆவது மேளம் என்று எட்டு வயசுக் குழந்தைக்கு விளக்குகிறவர் நீங்கள். உங்களைவிடக் கோடிங்குக்குப் பொருத்தமானவர் ஓ.எம்.ஆர். முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டார். என்ன, மேளகர்த்தா 72-தான். நிறங்கள் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். சரியான அரக்கு கிடைப்பதற்குள் ஆடி போய் ஆவணி வந்துவிடும்.

எச்டிஎம்எல்லில் திறந்த குறியை மூட வேண்டும். உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு மூட மறந்தால் கடைசி வரி வரை தடித்துவிடும்; நிரவலில் மிதந்து எடுப்புக்குத் திரும்பாத பாட்டின் கதிதான்.

அடுத்து, ஸ்வரம் எழுதுவது. இங்கேதான் உண்மையான சோதனை. நோட்டுப் புத்தகத்தில் மேல் ஸ்தாயிக்கு ஸ தலையில் புள்ளி வைப்பீர்கள். கணினி அதை மெய்யெழுத்தாக எடுத்துக்கொண்டு 'ஸ்' என்று ஊதிவிட்டுப் போகும். ரி தலையில் வைத்தாலோ, பெரும்பாலும் புள்ளிகளாலான ஒரு வட்டம் வந்து உட்காரும். ஜப்பானிய எழுத்தின் மேல் உச்சரிப்பைப் பொடியாகக் காட்ட 'ரூபி' என்றொரு குறி இருக்கிறது. அதற்குள் ரியை வைத்து மேலே புள்ளியிடலாம். மந்திர ஸ்தாயிக்குக் கீழேயும் இறக்கலாம். கமகத்துக்கு வழி கேட்காதீர்கள். 1904-இல் 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'யை வெளியிட்ட சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் வைத்தார். அவருக்கு எட்டயபுரத்தில் அச்சுக்கூடம் இருந்தது. உங்களுக்கு இருப்பது பிளஸ் டூ படிக்கும் பையன்; அவனுக்கும் நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட்.

பக்கம் திறந்ததும் உங்கள் வர்ணம் தானாக ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்படுங்கள். 2018 முதல் குரோம் அதற்குத் தடை போட்டிருக்கிறது. ஆபீஸில் திறந்து பார்க்கும் அம்மாக்கள் பிழைத்தார்கள். பல்லாவரத்தில் பாடிப் பதிவு செய்யும்போது மீனம்பாக்கம் விமானம் குறுக்கிட்டால் ஸ்ருதிப் பெட்டியென்று நினைத்துக்கொள்ளுங்கள்.

'வியூபோர்ட்' என்று ஒரே ஒரு வரி தலைப்பகுதியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோனில் எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகத் தெரியும். மின்சார ரயிலில் நின்றுகொண்டு பார்ப்பவர் கிரோம்பேட்டை வருவதற்குள் மூடிவிடுவார்.

எந்தத் தெரு, எந்த நேரம், மாதம் எவ்வளவு. பெற்றோர் தேடுவது இவற்றைத்தான். ஆகவே 'எங்களைப் பற்றி'யில் குரு பரம்பரையை மும்மூர்த்திகள் வரை ஏற்றுங்கள். ஃபீஸை மட்டும் 'நேரில் பேசிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுங்கள்.

வெளியிட்ட அன்றே ஃபோன் வரும்.

"மிஸ், வெப்சைட் பார்த்தோம். கலர் ரொம்ப நல்லா இருக்கு. கிளாஸ் எங்க, கேம்ப் ரோடா? ஃபீஸ் எவ்ளோ மிஸ்?"

கோபிக்காமல் வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புங்கள்.