கரிவண்டி அண்ணாச்சி

தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் தோணிக்காரர்களுக்குக் கயிறும் பெயின்டும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே போய், "அண்ணாச்சி, இருபது மீட்டர் நைலான் கயிறு" என்று கேட்டுப் பாருங்கள். கயிறு வர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் ஒய்.பி. இன்ஜினுக்கும் ஒய்.ஜி. இன்ஜினுக்கும் சக்கரக் கணக்கில் என்ன வித்தியாசம் என்பது உங்களுக்குத் தலைகீழாகப் பாடமாகியிருக்கும். கேட்டவர் தோணிக்காரராக இருந்தால், அவரை விட்டுவிட்டுத் தோணி மாலத்தீவுக்குக் கிளம்பியிருக்கும்.

ஊரில் எல்லோருக்கும் அவர் கரிவண்டி அண்ணாச்சி. இந்த வகை ஆள் எல்லா ஊரிலும் உண்டு. கிராமபோன் பெட்டி சேர்க்கிறவர், அம்பாசிடர் காரை மூடி வைத்துத் துடைக்கிறவர், அஞ்சல்தலைக்காரர். அவர்களுக்கு ஒரு சௌகரியம்: பைத்தியத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். அண்ணாச்சியின் பைத்தியத்துக்குத் தண்டவாளம் வேண்டும். அதிலும் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்தான் வேண்டும். அதை எங்கள் பக்கத்தில் பெயர்த்து அகலப்பாதை போட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

அதனால் அவர் சங்கம் நடத்துகிறார். பதினோரு உறுப்பினர்கள். எங்கள் ஊர்க் கீழூர் ஸ்டேஷனிலிருந்து வாஞ்சி மணியாச்சி வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் நீராவி ரயில் ஓட்டுவது சங்கத்தின் நோக்கம். இன்ஜின் இல்லை, பெட்டி இல்லை, பாதை ரயில்வேயுடையது. மற்றபடி எல்லாம் தயார். டிக்கெட் விலை முடிவாகிவிட்டது. வண்டியில் மக்ரூன் விற்பதா, பருப்புவடை விற்பதா என்பதில் மட்டும் இழுபறி. மீளவிட்டானில் வண்டி நிற்க வேண்டும் என்று ஒரு உறுப்பினர் ஒற்றைக்காலில் நிற்கிறார், அவருக்கு அங்கே மாமனார் வீடு. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் நைட் கிளப்புக்குப் போவார்கள். வெளியூர்க்காரர்கள் பதற வேண்டாம். எங்கள் ஊரில் நைட் கிளப் என்றால் பொரிச்ச புரோட்டா கிடைக்கிற கடை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961இல். அதற்குப் பிறகும் நாங்கள் முத்துநகர்தான். சென்னைக்குப் போகிற ரயிலுக்கும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர். முத்தே இல்லாமல் ஒரு ஊர் முத்தின் பெயரைச் சொல்லி வண்டி ஓட்டலாம் என்றால், வண்டியே இல்லாமல் ஒரு மனுஷன் சங்கம் நடத்தக் கூடாதா?

அண்ணாச்சியோடு சரித்திரம் பேசப் போகிறவர் கொஞ்சம் முன்ஜாக்கிரதையோடு போக வேண்டும். நாம் படித்த சரித்திரம் முழுக்க அவரிடமும் இருக்கும். ஆனால் மனிதர்களெல்லாம் ஓரமாக ஒதுங்கியிருப்பார்கள், நடுவில் இன்ஜின் நின்றுகொண்டிருக்கும். 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன், வாஞ்சிநாதன், கலெக்டர் ஆஷ் என்று நாம் நெஞ்சு விம்மி ஆரம்பித்தால், "அது சரி வே. கலெக்டரு எந்த வண்டிக்குக் காத்துக்கிட்டு இருந்தாரு? நம்ம ஊர்லருந்து போற போட் மெயிலுக்கு. அன்னைக்கு அதுல என்ன இன்ஜின் மாட்டியிருந்தான்? எந்தப் புஸ்தகத்துலயாவது போட்டிருக்கானா?" என்பார். நாம் விழிப்போம். "போட மாட்டான்" என்று அவரே முடிப்பார்.

வ.உ.சி. விஷயத்தில் அவருக்கு மொழிபெயர்த்தவர்கள் மேல் தீராத கோபம். 1906இல் பிள்ளை தொடங்கியது ஸ்வதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. தமிழில் அது சுதேசி நாவாய்ச் சங்கம் ஆயிற்று. "ஸ்டீம் எங்க வே போச்சு? காலியா, லாவோ ரெண்டு கப்பலும் பாய்மரமா? பாய்மரம் வச்சு வெள்ளக்காரன் நீராவிக் கப்பலோட போட்டி போட முடியுமா? ஸ்டீமைத் தூக்கிக் கடல்ல போட்டுட்டானுவ!" நானும் யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் கப்பலோட்டிய தமிழனைப் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு எழுதியிருக்கிறேன். பாய்லர் என்ற சொல் ஒரு இடத்திலும் வந்ததில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மனக்குறை பாம்பன் பாலம். 1876இல் மதுரையிலிருந்து ரயில் இங்கே வந்து சேர்ந்தது. சென்னையில் ஏறியவர் இங்கே இறங்கி, படகில் போய், ஆழம் பார்த்துத் தள்ளி நிற்கிற கப்பலில் ஏறிக் கொழும்பு போவார். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலத்தைத் திறந்தார்கள். போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அண்ணாச்சிக்கு நேற்றுச் சாயங்காலம் நடந்த மாதிரி. அவர் ராமேஸ்வரம் போனதே இல்லை. தகப்பனார் திதியைத் திருச்செந்தூரில் கொடுக்கிறார். 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தைத் திறந்ததை ஊரே டிவியில் பார்த்துக்கொண்டிருக்க, அவர் டிவியை அணைத்துவிட்டு உம்மென்று உட்கார்ந்திருந்தாராம். அவர் மனைவி, எங்கள் மதினி, சொன்னார்கள்.

"அண்ணாச்சி, கரண்டுல வண்டி ஓடுத காலத்துல கரி வண்டிய யாரு தேடுதா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கடைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய், தெற்கே தெர்மல் புகைபோக்கியைக் காட்டினார். "அங்க என்ன எரியுது?" கரி. "கப்பல்ல வந்து எறங்குத கரி. அது எதக் காய்ச்சுது?" தண்ணீரை. "தண்ணி என்னவா ஆவுது?" ஆவியாக. "அந்த ஆவிதான டர்பனச் சுத்திக் கரண்டு உண்டாக்குது? அந்தக் கரண்டுதான கம்பி வழியா ரயிலுக்குப் போவுது? இன்னைக்கும் ரயிலு நீராவியிலதாம்ல ஓடுது. அடுப்ப மட்டும் எடுத்துத் தெர்மல்ல வச்சுட்டான்!" நான் அதற்குப் பதில் சொல்ல முயன்று, இருபது மீட்டர் கயிறு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கயிறு எனக்குத் தேவையே இல்லை.

வருஷத்துக்கு ஒரு முறை மேட்டுப்பாளையம் யாத்திரை உண்டு. மதினி குன்னூர் குளிரையும் தேயிலைத் தோட்டத்தையும் பார்க்கலாம் என்று போவார்கள். அண்ணாச்சி மேட்டுப்பாளையம் ஷெட் வாசலிலேயே நின்றுவிடுவார். பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம், பல் தண்டவாளம், சக்கரத்துக்கு இரண்டு சிலிண்டர், பல்லுக்கு இரண்டு சிலிண்டர், 2005இல் யுனெஸ்கோ பட்டியல்: இதெல்லாம் அவருக்கு மந்திரம் மாதிரி. ஆனால் கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கிற இன்ஜினைப் பார்த்தால் முகம் சுருங்கிவிடும். காஸ் அடுப்பில் சுட்ட கருவாடு என்பார். 1855இல் லீட்ஸில் செய்து, நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்ற இ.ஐ.ஆர். 21ஐ 2010இல் பெரம்பூர் பட்டறையில் மறுபடி ஓட வைத்தார்களே, அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் தழுதழுக்கும். தன் பிள்ளைகளின் கல்யாணத்தில்கூட அவர் அப்படிக் கலங்கி நான் பார்க்கவில்லை.

அவருடைய கனவு வேல்ஸ் தேசம். அங்கே டாலிலின் என்று ஒரு குட்டி ரயில், ஸ்லேட் கல் சுமந்தது. சுரங்கம் படுத்தது, ரயிலும் படுக்கப் பார்த்தது. 1951இல் பொதுஜனம் சேர்ந்து அதை எடுத்து நடத்தினார்கள். உலகத்திலேயே தொண்டர்கள் நடத்திய முதல் ரயில் அதுதான். லீவு நாளில் வந்து துருச் சுரண்டினார்கள், கரி அள்ளினார்கள், கொடி காட்டினார்கள். சம்பளம் கிடையாது, சந்தா வேறு கட்ட வேண்டும். 'தாமஸ்' இன்ஜின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியே அங்கே கார்டு வேலை பார்த்தவர். இந்தத் தகவலை வைத்துப் பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் ஒரு இளம் சாமியாரை மடக்கி, சங்கத்துக்குக் கார்டு ஆகச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சாமியார் ஜெபித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னாராம். இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்.

காசு கொடுத்துக் கரி அள்ளுவதா? இந்தச் சந்தேகம் எனக்கு வருவதற்கு முன்பே இன்னொருவருக்கு வந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். கலாசியாகச் சேர்ந்து, இரண்டாம் ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன் என்று ஏறி, டிரைவராக ரிட்டயர் ஆனவர். அண்ணாச்சி பழத்தட்டோடு போய்ச் சங்கத்துக்குத் தலைவராக வரச் சொன்னார். பெரியவர் ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"முன்னால நெருப்பு, முதுகுல மழ. ராத்திரி ரெண்டு மணிக்குக் கால் பாய் வந்து கதவத் தட்டுவான், எந்திரிச்சு ஓடணும். ஆறின இன்ஜின எடுக்கணும்னா முந்தின நாளே பத்த வைக்கணும். அவசரப்பட்டு எரிச்சா தகடு ஒரு பக்கம் விரியும், ட்யூபு ஒரு பக்கம் விரியும், எல்லாம் ஒழுவும். என் சட்டையில வெள்ளன்னு ஒண்ண எம் பொண்டாட்டி பாத்தது கெடையாது. டீசல் வந்த அன்னைக்குத் தேங்கா ஒடச்சேன். சவம் ஒழிஞ்சுதுன்னு இருக்கேன். நீரு அதத் தோண்டி எடுத்து மால போடணுங்கீரு."

அண்ணாச்சி கும்பிட்டுவிட்டு வந்தார். மனம் தளரவில்லை. தளர்ந்தால் அந்த வகை ஆளே இல்லை. அந்த வாரமே பழைய இரும்புக் கடையில் ஒரு பித்தளை ஊதல் கிடைத்தது. நிஜ இன்ஜின் ஊதல் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். பச்சை பூத்துக் கிடந்ததைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, மூன்று வாரம் மெருகேற்றினார். சங்கம் புதுப்பித்த முதல் பொருள். மதினி அதைக் குத்துவிளக்குப் பக்கத்தில் வைக்க மறுத்துவிட்டார்கள்.

ஊதலுக்கு நீராவி வேண்டுமே. இட்லிக் கொப்பரையில் முயன்றதைப் பற்றி மதினிக்குச் செய்துகொடுத்த சத்தியத்தால் நான் எழுதப் போவதில்லை. கடைசியில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெல் அவிக்கிற மில் ஒன்று அகப்பட்டது. உமி எரிக்கிற பாய்லர். உரிமையாளர் அண்ணாச்சிக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு சனிக்கிழமை ராத்திரி சங்கமே வேனில் போய் இறங்கியது, நானும் போனேன். ஃபிட்டர் ஒருவர் குழாயில் ஊதலை மாட்டினார். அதிகாலை மூன்றரைக்கு அண்ணாச்சி வால்வைத் திருகினார்.

முதலில் ஜலதோஷம் பிடித்த மாதிரி தண்ணீரைத் துப்பியது. அப்புறம் ஊதியது பாருங்கள். நாய்கள், கோழிகள், மயில்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தின. அண்ணாச்சி கையை எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர். எல்லோரும் வாயைப் பிளந்து மேலே ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது ஒரு டார்ச் வெளிச்சம். சாரம், தலையில் துண்டு. பெரியவர்.

"எவம்ல அது? கேட் இல்லாத எடத்துல என்னத்துக்கு இழுத்து ஊதுதான்?"

அண்ணாச்சி பூரித்துப்போய், "பெரியவரே, சத்தம் எப்படி?" என்றார். பெரியவர் அவரை விலக்கிவிட்டு நேரே பாய்லரிடம் போய், கண்ணாடிக் குழாயில் டார்ச் அடித்தார். எல்லோரும் ஊதலைப் பார்த்த நேரத்தில் தண்ணீரை யாருமே பார்க்கவில்லை. குழாயின் அடியில் ஒரு விரல் உயரம் நின்றது. பாய்லரை ஓட்டுகிற பையனும் செல்போனில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"பம்பப் போடுல! ஊதல மூடு! இன்ஜின்ல இப்படித் தண்ணி எறங்கிச்சுன்னா, அடுப்புக்கூரையில ஒரு ஈயத் தக்கை இருக்கும், அது உருகி ஆவி எறங்கி நெருப்ப அணைக்கும். அந்த டிரைவரு அன்னையோட வீட்டுக்குப் போவ வேண்டியதுதான். இங்க தக்கை இருக்கா?" மில்காரர் பேந்தப் பேந்த விழித்தார். பெரியவர் சுவரில் சாய்ந்திருந்த நீளக் கொத்தை எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தார். "நெருப்ப வாரும். கரி வாரணும்னு ஆசப்பட்டீருல்லா?"

அண்ணாச்சி வாரினார். ஒரு மணி நேரம் வாரினார். நடுவில் நிமிர்ந்தபோதெல்லாம், "குனிஞ்சு வாரும், இடுப்ப ஒடச்சு வாரும், அள்ளுத கைய மாத்தும்" என்று பெரியவர் வேலை வாங்கினார். விடியும்போது அண்ணாச்சியின் இடது புருவம் பாதியைக் காணோம். வெள்ளை வேட்டி எங்கே முடிகிறது, சாம்பல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. முகத்தைக் கழுவ மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்படியே வேனில் ஏறி ஊருக்கு வந்து, அப்படியே கடையைத் திறந்தார். அன்றைக்குக் கயிறு வாங்க வந்தவர்கள் பாக்கியை எடுத்து வைக்காமல் ஓடிவிட்டதாகக் கேள்வி.

பத்து நாள் கழித்துத் தபாலில் ஒரு காகிதம் வந்தது. பழைய ரயில்வே நோட்டில் கிழித்த தாள், கோடு போட்டுக் கட்டம் கட்டி, நடுங்குகிற எழுத்தில் எழுதியது. ராத்திரி டியூட்டி: மூன்று மணி நேரம். வண்டி ஓடவில்லை என்றாலும் ஷெட்டில் நின்ற நேரத்துக்கு இத்தனை மைல் என்று கணக்கு உண்டு, அதன்படி மைலேஜ் அலவன்ஸ். தூக்கத்தில் எழுப்பியதற்குத் தனி. டார்ச் பேட்டரி இரண்டு. மொத்தம் நானூற்றி எழுபது ரூபாய். கீழே, 'தொண்டு செய்ய வேறு ஆளைப் பாரும். வேலைக்கு என்றால் சொல்லி அனுப்பும்' என்று ஒரு வரி.

சங்கத்துக்கு என்று வந்த ஒரே அதிகாரபூர்வமான கடிதம் அது. அண்ணாச்சி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே, முருகன் படத்துக்கும் ஒய்.பி. இன்ஜின் படத்துக்கும் நடுவில் மாட்டி வைத்திருக்கிறார். கயிறு வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறார். பணம் இன்னும் கொடுக்கவில்லை.