பக்கத்து இருக்கையின் பிரேக்

எனக்குக் கார் பழக்கிய சேரைப் போல வாகனம் ஓட்டத் தெரிந்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக் கண்டியைத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பாராட்டின் எடை விளங்கும். 1998 ஜனவரிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு தலதா மாளிகைக்கு முன்னால் போன வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அன்றிலிருந்து வாவியைச் சுற்றித்தான் ஊரே ஊர்கிறது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மூன்று பஸ்கள் ஒரே நேரத்தில் மூக்கை நீட்டும். கட்டம்பேயில் முச்சக்கர வண்டி இடப்பக்கத்தால் புகுந்து வலப்பக்கம் திரும்பும். இத்தனைக்கும் நடுவே சேர் ஹோர்ன் அடித்து நான் கேட்டதில்லை. இருபது வருடத் தொழிலில், பழகுநர்கள் ஓட்டும் லேனர்ஸ் காரில் ஒரு கீறல் விழவிட்டதில்லை என்றார். நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

அவருடைய காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழகுகிற காரில் இடப்பக்க இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளச் உண்டு. ஹீரஸ்ஸகல ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போது வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போனதில்லை. இறக்கத்தில் முன்னால் போகிற பஸ் திடீரென்று நின்றால் எங்கள் கார் பூப்போல நிற்கும். எனக்குக் கால் பழகிவிட்டது என்று வீட்டில் சொல்லித் திரிந்தேன். நின்றது என் காலால் அல்ல என்பது, லைசன்ஸ் கைக்கு வந்து தம்பியின் காரில் தனியே அதே ஏற்றத்தில் நின்ற அன்றுதான் தெரிந்தது. கார் பின்னால் உருண்டது. பின்னால் ஸ்கூல் வேன், வேனுக்குள் பிள்ளைகள். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி, யாராவது வந்து எடுத்துத் தாருங்கள் என்று கண்ணாடி வழியே கத்தினேன். ரொட்டிக் கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார்.

நான் தவறு செய்கிறேன் என்று எனக்கே தெரியாதபடி என் தவறைத் திருத்திய கால் அது. அவ்வளவு பக்குவமான கால். நான் பழகிய பன்னிரண்டு நாளும் அந்தக் கால்தான் ஓட்டியது, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஞாபகசக்தியும் பெரிது. லைசன்ஸுக்கான ட்ரையல் நடக்கிற இடத்தை உள்ளங்கை ரேகை போல வைத்திருந்தார். பின்னால் எடுத்து நிறுத்தும்போது மூன்றாவது கோன் பக்கக் கண்ணாடியில் மறைந்தால் முழுசா வெட்டு, கதவுக் கைப்பிடிக்கு நேரே கம்பு வந்தால் நிப்பாட்டு. அப்படியே செய்தேன், முதல் தடவையிலேயே பாஸ். என்னோடு வந்த ஐந்து பேரும் பாஸ். எங்கள் காசு வீணாகவில்லை, லீவு வீணாகவில்லை, மறுபடி வரிசையில் நிற்கவில்லை. தான் வாங்கிய பணத்துக்கு இவ்வளவு நேர்மையாக உழைத்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். கோனும் கம்பும் இல்லாத இடத்தில் காரைப் பின்னால் எடுக்க எனக்கு அதன் பிறகு எட்டு மாதம் பிடித்தது.

சேர் சிங்களவர். எங்களுக்காகத் தமிழ்ச் சொற்களைத் தானே தேடிச் சேர்த்து வைத்திருந்தார். மெதுவா, நிப்பாட்டு, திருப்பு, கண்ணாடி பாரு, பயப்பட வேணாம் மிஸ். அவசரத்தில் மட்டும், அதே ‘மெதுவா’வைச் சிங்களத்தில் ‘ஹெமின், ஹெமின்’ என்பார். யாரும் கேட்காமலே, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, இன்னொரு மொழிக்காரருக்காக அவர் எடுத்த அந்தச் சிரமத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. அந்தச் சொற்களில் ‘ஏன்’ மட்டும் இருக்கவில்லை. வளைவுக்கு முன்னால் கியரைக் குறை என்பார். வளைவுக்குள்ளே போய் ஏன் குறைக்கக் கூடாது? அதை விளக்க அவரிடம் தமிழ் போதாது. என்னோடு பழகி, அதைச் சிங்களத்தில் கேட்ட பெண்ணுக்கும் கிடைத்த பதில், “அப்படித்தான், மிஸ்.”

அந்த ‘ஏன்’ என்னைத் தேடி வந்தது 2022இல், கடுகண்ணாவை இறக்கத்தில். எரிபொருளுக்குக் கியூஆர் கோட்டா வந்த காலம். பெற்றோல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு பிரேக்கில் காலை வைத்தபடி மாவனெல்லைப் பக்கம் இறங்கினேன். துளைத்த பாறையைத் தாண்டும்போதே கருகல் வாடை. பிரேக்கை மிதித்தேன், பெடல் பஞ்சு போல உள்ளே போனது. இன்னும் மிதித்தேன். கார் நிற்கத்தான் செய்தது, ஆனால் நான் நினைத்த இடத்தில் அல்ல. ஓரமாக நிறுத்தி லொறியின் டயருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் சக்கரத்தைத் தொடாமலே கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மகள், பிரேக் சூடேறினா பிடிக்காது. எஞ்சின் பிடிச்சு இறக்கணும். ஏற எந்தக் கியரோ, இறங்கவும் அந்தக் கியர்.” அவ்வளவுதான், பத்துப் பன்னிரண்டு சொல். தொடர்ந்து மிதிப்பதில் பிரேக் சூடேறி உராய்வு குறைவதையும், பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் அமுங்கிப் போவதையும், சிறிய கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பதையும் பிறகு நானே வாசித்துத் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு ஹைபிரிட் கார் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு, சில கார்களின் கியர் கம்பியில் ‘B’ என்றொரு எழுத்து இருப்பது இறக்கத்துக்காகத்தான் என்று தெரியும்?

கடுகண்ணாவை, ரம்பொடை, மகியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவு. எங்கள் பிள்ளைகள் லைசன்ஸ் எடுத்த அடுத்த வாரம் போகிற பாதைகள் இவை. பன்னிரண்டு நாளில் நாங்கள் பேராதனைப் பாலத்தைத் தாண்டவில்லை. ட்ரையலில் அந்தப் பாதை வராது.

சொல்லிக்கொடுப்பதையும் பழகித்தான் ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்து ஆசிரியை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாவது வருடம் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி செய்து வெளியே வந்தவள். பின்னங்களைக் கூட்டத் தெரிந்தது எனக்குப் பதினொரு வயதில். அதைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தது அந்த மூன்றாவது வருடத்தில், வகுப்பின் பின்வாங்கில் மேற்பார்வையாளர் ஒருவர் கொப்பியோடு உட்கார்ந்து என்னைப் பார்த்தபோது. முதல் நாளே அவர் எழுதித் தந்த குறிப்பு நினைவிருக்கிறது. கணக்கைப் பிள்ளை செய்யவில்லை, நீங்கள் செய்தீர்கள் என்றிருந்தது. அழுதேன். அந்த ஒரு வரிதான் என்னை ஆசிரியை ஆக்கியது.

எங்கள் காரின் பின் ஆசனத்தில் பன்னிரண்டு நாளும் அடுத்த முறைக்குக் காத்திருந்த பழகுநர்கள்தான் இருந்தார்கள். கொப்பியோடு யாரும் ஏறவில்லை. சேரின் காலைப் பார்த்து, வண்டியை நிறுத்தியது அவள் அல்ல, நீங்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

லண்டனில் இருக்கிற என் மச்சான் முறையானவர் அங்கே கார் பழக்குகிறார். பழக்குநர் ஆவதற்கு அங்கே மூன்று பரீட்சை: முதலில் கோட்பாட்டுப் பரீட்சை, பிறகு அவருடைய ஓட்டம், மூன்றாவதாக அவர் கற்பிக்கும் விதம். அந்த மூன்றாவது பரீட்சைக்குப் பரீட்சகர் பின் ஆசனத்தில் உட்காருகிறார். 17 விடயங்களுக்கு மொத்தம் 51 புள்ளி, 31 எடுத்தால்தான் தேறலாம். பழகுகிறவருக்கு ஏற்றபடி பாடத்தை அமைத்தாரா, ஆபத்துக்கு யார் பொறுப்பு என்பதை அவருக்கு விளங்கவைத்தாரா, விளங்கியதா என்று கேட்டாரா, எல்லாம் அதில் அடங்கும். ஆபத்தைக் கையாளும் பகுதியில் 7 புள்ளியோ அதற்குக் குறைவோ என்றால் மற்றதில் எவ்வளவு எடுத்தாலும் தோல்விதான். தேறிய பிறகும் நாலு வருடத்துக்குள் ஒரு முறையாவது மறுபடி வந்து உட்காருவார்கள். மச்சான் இரண்டாம் முறைதான் தேறினார். முதல் முறை அவர் செய்த பிழை, பழகுகிறவர் தானே கண்டுபிடிக்கும் முன் சரியான விடையைச் சொல்லிவிட்டது.

இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் ஓட்டுநர் பள்ளியின் பயிற்றுநருக்குப் பத்தாம் வகுப்பு, ஐந்து வருட ஓட்ட அனுபவம், மெக்கானிக் சான்றிதழ் என்று கேட்கின்றன. பள்ளி இருக்கும் பகுதியின் மொழியோ ஆங்கிலமோ போதிய அளவு தெரிய வேண்டும் என்றும் சொல்கின்றன. ஓட்டுநரையும் மெக்கானிக்கையும் நன்றாக அளக்கும் விதிகள். கண்டியில் இருந்து வாசிக்கிறபோது மொழியைப் பற்றிய அந்த வரியில்தான் என் கண் நிற்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வந்த நாட்டில், காசு வாங்கிப் பழக்குகிறவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சேரிடம் அது இருந்தது, கண்ணாடி உறைக்குள் சுத்தமாக வைத்திருந்தார். அவரைப் பார்த்து நான் வியப்பதெல்லாம் அந்த அட்டைக்கு வெளியே அவர் தானாகச் சம்பாதித்தவை: பொறுமை, கால், ஞாபகம், கடன் வாங்கிய தமிழ். இவ்வளவு கெட்டிக்காரரைக் கையில் வைத்துக்கொண்டு, கற்பிப்பது எப்படி என்று ஒரு மாதம் உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்க நமக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆத்திரம். வருடத்துக்கு 2,000க்கும் மேற்பட்டோர் வீதியில் சாகிற நாடு இது. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் பஸ்ஸைப் பேசினோம், பாதையைப் பேசினோம், தூக்கத்தைப் பேசினோம். இந்த மலைப் பாதைகளில் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் யார், எப்படிப் பழக்குகிறார்கள் என்ற கேள்வி எங்கள் வாயில் வரவில்லை. ஆசிரியர்களான எங்கள் வாயிலேயே வரவில்லை.

என் மூத்த மகள் ஏஎல் எழுதி முடித்தாள். லேனர்ஸில் சேர்த்தேன். அதே சேர். தலை நரைத்துவிட்டது, குரல் மாறவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்டேன், தாராளமாக ஏறுங்கள் மிஸ் என்றார். மகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் சேரின் வலது முழங்கால் தெரியும்.

ஹீரஸ்ஸகல இறக்கம். முன்னால் ஒரு முச்சக்கர வண்டி சடாரென்று ஓரம் கட்டியது. சேரின் முழங்கால் இரண்டு அங்குலம் தாழ்ந்து எழுந்தது. கார் பூப்போல நின்றது.

மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “பாத்தீங்களாம்மா, எவ்வளவு அழகா நிப்பாட்டினேன்?”

சேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.