பொறுமைக் கடலுக்கு ஒரு பொன்னாடை

நம் ஊரில் பாராட்டு விழாவுக்குப் பஞ்சமில்லை. பேரன் எல்.கே.ஜி. முடித்தால்கூடத் தெருமுனையில் பேனர் எழும்புகிறது. ஆனால் சென்னையில் எவர் எங்கே எத்தனை அடி விட்டு எத்தனை மாடி கட்டலாம் என்று விதி எழுதி, எழுதிய விதி கசங்காமல் ஐம்பது ஆண்டாக அடைகாத்துவரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு துண்டு போர்த்தவும் ஆள் இல்லை. அந்தக் குறையை என்னால் முடிந்தமட்டும் இன்று தீர்த்துவைக்கிறேன்.

குழுமம் 1972-இல் தொடங்கியது. 1974-இல் சட்டப்படியான அமைப்பானது. அன்றிலிருந்து அதன் பேனா ஓய்ந்ததில்லை. இந்தத் தெரு முதன்மைக் குடியிருப்பு, அடுத்த தெரு கலப்புக் குடியிருப்பு. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இத்தனை இடைவெளி. சாலை இத்தனை அகலம் இருந்தால்தான் கட்டடம் இத்தனை உயரம். 2019-இல் மாநிலம் முழுமைக்கும் பொதுவாக வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளைப் புரட்டிப் பாருங்கள். வண்டி நிறுத்துமிடம், மாடிப்படி, மழைநீர் சேகரிப்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஔவை தூது போனபோது தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டினானாம். பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசி வரிசையாகச் சாத்தியிருந்த வேல்களைப் பார்த்து அவள் வாயாரப் புகழ்ந்தாள். இந்த விதிப் புத்தகத்தைப் பார்த்தபோது எனக்கும் அதே மகிழ்ச்சி.

விதியை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். மீறியவரை மன்னிப்பதற்குத்தான் மனசு வேண்டும். 1999 பிப்ரவரி 28-க்கு முன்னால் அனுமதி இல்லாமலோ அனுமதியை மீறியோ கட்டியவர்கள் பணம் கட்டினால் கட்டடத்தை வரன்முறைப்படுத்தித் தரலாம் என்று நகர ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஒரே ஒரு முறை தருகிற சலுகை என்றார்கள். அப்படித்தான் 2000-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு மற்றப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது? கெடு 2000-க்கு நீண்டது. அப்புறம் 2001-க்கு. அப்புறம் 2002-க்கு. சட்டமன்றம் திருத்தத் திருத்த, குழுமம் மனுக்களை வாங்கி அடுக்கியது. 2006-இல் உயர் நீதிமன்றம் குறுக்கே வந்து, முதல் முறை செல்லும், பிறகு நீட்டியது செல்லாது என்று சொல்லிவிட்டது. நீதிமன்றத்தின் நெஞ்சில் ஈரம் கொஞ்சம் குறைவு. அரசின் நெஞ்சில் நிறைய உண்டு. 2007 ஜூலை 1 வரை கட்டியவர்களுக்காக 113-சி என்று இன்னொரு பிரிவு வந்தது. 'ஒரே முறை' என்ற சொல்லுக்கு இத்தனை விரிவான பொருள் இருப்பதை அகராதி தொகுப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதில் மனசுக்கு நெருக்கமான பாத்திரம் ஒருவர் இருக்கிறார். வரைபடத்தில் காட்டியபடியே பக்கவாட்டில் இடம் விட்டு, இரண்டு மாடியோடு நிறுத்திக்கொண்ட பேர்வழி. அவருக்கு எந்தத் திட்டத்திலும் எந்தச் சலுகையும் இல்லை. ஆனால் வெறுங்கையோடு அனுப்பிவிட்டதாகச் சொல்ல முடியாது. பக்கத்து மனைக்காரர் மதிலோடு மதிலாக நாலு மாடி எழுப்பியதில், இவர் விட்ட இடைவெளிதான் அந்த நாலு மாடிக்கும் காற்றும் வெளிச்சமும் தருகிறது. தர்மம் என்றால் இது தர்மம். இவருக்குக் கைம்மாறாகப் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை தினமும் கிடைக்கிறது.

குழுமத்துக்குக் கோபமே வராது என்று சொல்லிவிட முடியாது. 2011 அக்டோபர் கடைசியில் ஒரு தடவை வந்தது. தியாகராய நகரில் பெரிய பெரிய கடைகளுக்குச் சீல் விழுந்தது. பெரியவர்கள் கோபம் நீடிக்காது என்பார்கள். 2012 ஜனவரியில், பொங்கல் நெருங்கும் வேளையில், உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் தற்காலிகமாக அகன்றது. மக்கள் துணி எடுத்தார்கள். பிறகு 2017 மே 31 அன்று அதே தியாகராய நகரில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று தீப்பிடித்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது, மீதியை இயந்திரம் வைத்து இடித்தார்கள். அனுமதி பெற்றதைவிடக் கூடுதலாக மாடிகள் எழுப்பியிருந்த விவரம் புகைக்கு நடுவே ஊருக்குத் தெரிந்தது. விதியை அமல்படுத்தும் பளுவை அக்கினி பகவானோடு பகிர்ந்துகொள்கிற அடக்கம் எத்தனை அலுவலகங்களுக்கு வரும்?

அக்கினியின் ஒத்தாசை புதிதல்ல. 1900-இல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. பழசை மறக்கக் கூடாது என்று மூர் மார்க்கெட்டுக்குச் சின்னதாக ஒரு பொம்மை மாதிரியும் செய்துவைத்தார்கள். பராமரிப்புச் செலவு எவ்வளவு மிச்சம்!

பாரம்பரியக் கட்டடங்களின் கதை இன்னும் இனிமையானது. சென்னையில் காக்கவேண்டிய பழைய கட்டடங்கள் எவை? இதைக் கண்டுபிடிக்கத் தொல்லியல் அறிஞர்கள் தேவைப்படவில்லை; விளம்பரப் பலகைகள் போதும். வரலாறும் அழகும் உள்ள கட்டடங்களுக்கு முன்னால் ராட்சதப் பலகைகள் நிற்கக் கூடாது என்பதற்காக நீதிபதி பத்மநாபன் குழு ஒரு பட்டியல் போட்டது. அதில் 467 இடங்கள். 2010-இல் ஒரு கட்டடத்தை இடிப்பது தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு ஆதாரமாகக் கிடைத்தது அந்தப் பட்டியல்தான். அதைக் கையிலெடுத்து, இவற்றைக் காப்பாற்றுங்கள், அதற்கொரு பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமையுங்கள் என்றது. சோப்பு விளம்பரமும் சினிமா விளம்பரமும் அவ்வளவு பெரிதாக நின்றிருக்காவிட்டால் நம் பாரம்பரியம் எது என்று நமக்கே தெரியாமல் போயிருக்கும்.

அந்த வழக்குக்குக் காரணமான கட்டடம் அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சேரும் மூலையில் இருக்கிற பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காக 1897-இல் எழும்பியது. கோபுரமும் குவிமாடமும் வளைவுமாக அந்தக் காலத்து இந்தோ-சாரசெனிக் ஒய்யாரம். ஆயுளுக்குக் காப்பீடு தரும் கழகத்தின் கைக்கு வந்தும் அதன் ஆயுளுக்கு 2006-இல் ஆபத்து வந்தது. கடப்பாரை இறங்கியது. நீதிமன்றம் தடுத்தது, 2010-இல் இடிக்காதே என்று தீர்ப்பும் ஆனது. இடிக்காதே என்றுதானே தீர்ப்பு. மழையைத் தடு என்றோ ஆலஞ்செடியைப் பிடுங்கு என்றோ இல்லையே. சொன்ன சொல்லைத் தாண்டாத அந்தக் கட்டுப்பாட்டில் பல பருவமழைகள் போயின.

2012-இல் சட்டமன்றம் பாரம்பரிய ஆணையச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பத்து ஆண்டுக்கு மேல் அது நடைமுறைக்கு வராமல் இருந்தது. இதைத் தாமதம் என்று சொல்பவர்களுக்கு ரசனை போதாது. பாரம்பரியத்தைக் காக்கிற சட்டம் தானும் கொஞ்சம் பழசாகிக் கொள்வதுதானே முறை?

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் திண்ணையும் முற்றமுமாய் மிஞ்சியிருக்கிற வீட்டுக்காரர்களையும் குழுமம் மறக்கவில்லை. சாதாரணக் கட்டடங்களுக்கு மனையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்த தளப்பரப்புக் குறியீட்டை 2019-இல் இரண்டு மடங்காக்கினார்கள். சாலை அகலமாக இருந்தால், பணம் கட்டி அதற்கு மேலும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டை இடிக்கிறவருக்குக் கணக்கு இப்படி விரல்நுனியில் நிற்கிறது. இடிக்காமல் வைத்திருக்கிறவருக்கு, தான் கட்டாமல் விட்ட பரப்பை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளும் வளர்ச்சி உரிமை என்று ஒன்று ஏட்டில் இருக்கிறது. ஓடு மாற்றக் கூப்பிட்ட கொத்தனார் கூலியாக அதை வாங்கிக்கொள்வாரா என்று கேட்டுப் பார்க்கலாம். பாவம், அந்த வீட்டுக்காரர்கள் பட்டியலில் தங்கள் பெயர் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வதில் எனக்கு வியப்பில்லை.

இந்த அருளெல்லாம் வெகுகாலம் 1,189 சதுர கிலோமீட்டருக்குள் வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்துவந்தது. 2022-இல் அரசு பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. தொண்டைமான் ஆண்ட காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஊர்களும் அதில் சேர்ந்திருக்கின்றன.