அசெம்பிள் அண்ணன்

அச்சரப்பாக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஓர் அசெம்பிள் அண்ணன் அகப்படுவார். கடையில் ஒட்டிய பெட்டியோடு வரும் கம்ப்யூட்டர் அவருக்கு ஆகாது. பாசஞ்சர் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவில் கடை கடையாகப் பேரம் பேசி, மதர்போர்டை ஓரிடத்திலும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸை வேறிடத்திலும் வாங்குவார். பிறகு மடியை விட்டு இறக்காமல் ஊர் கொண்டுவந்து சேர்ப்பார். எல்லாவற்றையும் பூட்டியபின் கேபினெட்டின் சைடு கதவை மட்டும் மாட்ட மாட்டார். மாட்டினால் திரும்பக் கழற்ற வேண்டுமே!

ராத்திரி போன கரண்ட் ரெண்டு மணிக்குத் திரும்பும். யாரும் தொடாமலே அந்தக் கம்ப்யூட்டர் நீல விளக்கோடு எழுந்து உறுமும். அம்மா திருநீற்றைத் தேடுவார்.

"பயாஸ்ல ஒரு செட்டிங் இருக்கும்மா. கரண்ட் வந்தா தானா ஆன் ஆகும்."

"தெரியுதுல்ல? மாத்தித் தொலையேன்டா."

மாற்ற மாட்டார். மாற்றிவிட்டால் நாளைக்கு டீக்கடையில் எதைப் பற்றிப் பேசுவது?

கரண்ட் போகும்போது வேறு கூத்து. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு; ஃபேன் நிற்காது, லைட் ஒரு சிமிட்டலோடு சரி. கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து எழும். அண்ணன் முதலில் ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்ப்பார். அடுத்து, மதர்போர்டில் செருகும் மெயின் பிளக்கின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, எஸ்.எம்.பி.எஸ். விசிறி சுற்றுவதைத் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். லோடு ஏறினால்தான் அதன் வண்டவாளம் தெரியும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். இதற்குள் புது மதர்போர்டுக்கு விலையும் விசாரித்தாகிவிடும். இன்வெர்ட்டரின் முதுகில் ஒரு குட்டி சுவிட்ச், 'யு.பி.எஸ்.' பக்கம் இல்லாமல் 'ஈகோ' பக்கம் சாய்ந்து கிடக்கும். அப்படிக் கிடந்தால் பேட்டரிக்கு மாறக் கொஞ்சம் தாமதமாகும், எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிப்பதோ ஏறக்குறைய நொடியில் அறுபதில் ஒரு பங்கு. காசு கேட்காத சுவிட்ச் என்பதால் அண்ணனின் சந்தேகம் அதன்மேல் கடைசியாகத்தான் விழும்.

உச்சகட்டம், கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்பது. டெஸ்டர் வைத்தால் மினுக்கும். "அது ஸ்டேடிக்" என்று சொல்லி, ரப்பர் செருப்பு மாட்டிக்கொள்வார். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னுக்குப் பின்னால் வயரே கிடையாது; எர்த் சுவருக்குள்ளேயே முடிந்துபோயிருக்கும். எர்த் இல்லாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் 230 வோல்ட்டில் பாதியைத் தகட்டில் ஏற்றிவிடும். கசிவது சொற்பம்தான், ஆனால் என்றைக்காவது ஃபேஸே தகட்டில் பட்டால் செருப்பை நம்பியா இருப்பது? திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவனின் தேரே, பிள்ளையாரைக் கும்பிட மறந்ததால் இங்கே அச்சு முறிந்து நின்றது என்பது ஆட்சீஸ்வரர் கோயில் தலபுராணம். அண்ணன் பிள்ளையாரை மறக்கவில்லை, கேபினெட்டுக்குச் சந்தனப் பொட்டே வைத்திருக்கிறார். எர்த்தைத்தான் மறந்துவிட்டார்.

கடைசியில் அம்மாவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார். கொல்லையில் குழி தோண்டி, பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, வயர் இழுத்துவிட்டுப் போவார் அவர். "வெயில் காலத்துல ஒரு குடம் தண்ணி ஊத்துங்க, மண்ணு காயக் கூடாது" என்பது அவர் உத்தரவு.

சித்திரை வெயிலில் அண்ணன் குடமும் கையுமாகக் கொல்லைக்குப் போவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா, "என்ன செடி தம்பி?" என்று கேட்பார்.

"செடி இல்லக்கா, கம்ப்யூட்டருக்கு."

அதன்பிறகு அக்கா தன் பிள்ளைகளை அந்த வீட்டுப் பக்கம் விளையாட விடுவதில்லை.