சிட்டடெலிலிருந்து சித்தப்பாவுக்கு

(கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியான ‘மாஸ் எஃபெக்ட்’ வீடியோ விளையாட்டில் வரும் விண்வெளித் தலைநகரம் சிட்டடெல். அங்கே பிழைக்கப் போன ஒருவர் ஊருக்கு எழுதும் கடிதம் இது.)

சாக்கெரா வார்டு, சிட்டடெல்
கி.பி. 2185

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். சித்தியின் முட்டிவலி தேவலையா?

“நீ இருப்பது ஊரா, கப்பலா?” என்று கேட்டிருந்தீர்கள். ஊர்தான், ஆனால் ஆகாயத்தில் மிதக்கிறது. நடுவில் பிரசீடியம் என்று ஒரு வளையம், அதிலிருந்து ஐந்து கைகள். கைகளை வார்டு என்பார்கள். ஊரின் மொத்த நீளம் 44.7 கிலோமீட்டர், ஜனத்தொகை 1 கோடியே 32 லட்சம். சண்டை வந்தால் ஐந்து கைகளும் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் வெளியே மாட்டிக்கொண்டவன் பாடு அவன் பாடு.

மொத்த ஊரும் சுற்றுவதால்தான் கால் தரையில் நிற்கிறது. வார்டில் பூமியைவிடக் கொஞ்சம் கூடுதல் எடை. பிரசீடியத்தில் பத்தில் மூன்று பங்குதான். அறுபது கிலோ ஆள் அங்கே 18 கிலோ. தூதர்களும் ஆட்சி செய்யும் பேரவையின் உறுப்பினர்களும் ஏரிக்கரையில் மிதந்தபடி உலாவுவது அங்கே. சரக்கு மூட்டை தூக்குகிற நாங்கள் இருப்பது இங்கே. எவன் கட்டிய ஊரானாலும் இந்த ஏற்பாட்டில் மட்டும் பிசகு வராது போலிருக்கிறது. சித்தியின் முட்டிக்குப் பிரசீடியம்தான் தோது, ஆனால் வாடகையைக் கேட்டால் முட்டி தானாகச் சரியாகிவிடும்.

வார்டுத் தெருவில் காற்று ஏழு மீட்டர் உயரம் வரைதான். ஊர் சுழல்கிற வேகமும், அதன்மேல் போர்வையாகக் கிடக்கும் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு என்ற கனத்த வாயுவும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதற்கு மேலே சூனியம். கட்டடங்களோ வானளாவ நிற்கின்றன. என் அறைக்கு ஜன்னல் உண்டு, திறக்கிற வழக்கமில்லை. மொட்டை மாடியில் வடகம் காயப்போடுவதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

நாள் இங்கே 20 மணி நேரம். குறைச்சல் என்று நினைக்காதீர்கள். மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 நொடி, நொடி நம்முடையதில் பாதி. கூட்டிப் பார்த்தால் நம் நாளைவிடக் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு நீளம். தினக்கூலிக்காரனுக்கு இதைவிட நாசூக்காக நாமம் போட முடியாது. என் மேலாளர் சலாரியன் இனம். அவர்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் போதும். மற்றவர்கள் ஏன் படுக்கிறார்கள் என்பதே அவருக்குப் புரியவில்லை.

பக்கத்து அறையில் ஒரு எல்கோர். நாலு காலில் நடக்கிற மலை. அவர்கள் உணர்ச்சியை வாசனையாலும் உடலின் நுண்ணசைவாலும் தங்களுக்குள் காட்டிக்கொள்வார்கள். நமக்கு அது எட்டாதே என்று, என்ன உணர்ச்சி என்பதை முதலில் அறிவித்துவிட்டுத்தான் வாக்கியத்தைத் தொடங்குவார்கள். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. அன்றைக்கு லிஃப்டில் நானும் அவரும். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்து, பஞ்சாங்கம் படிக்கிற தொனியில், “கட்டுக்கடங்காத பீதியுடன்: நாம் சாகப்போகிறோம்” என்றார். லிஃப்ட் கிளம்பியதும், “அளவிட முடியாத நிம்மதியுடன்: உங்கள் காலை மிதித்துக்கொண்டிருக்கிறேனா?” என்றார். ஆமாம், மிதித்துக்கொண்டுதான் இருந்தார். எல்கோர்கள் மட்டுமே நடிக்கும் ஹேம்லெட் நாடகத்துக்கு இங்கே விளம்பரம் ஓடுகிறது. பதினாலு மணி நேரமாம். விடிய விடியக் கூத்துப் பார்த்த உங்களுக்குச் சரிப்படும்.

எதிர் அறை வோலஸ், குள்ளமான ஆள். அழுத்த உடைக்குள்ளிருந்து மூச்சு வாங்கி வாங்கி, “பூமிக்குலத்தானே” என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அண்டத்தின் வங்கிக் கணக்கு முறையை வகுத்தது அவர்கள் இனம். 2,300 வருஷத்துக்கு மேல் இங்கே கைகட்டி நிற்கிறார்கள், பேரவையில் நாற்காலி கிடையாது. நாம் 2165-இல் தூதரகம் திறந்து 2183-இலேயே நாற்காலி பிடித்துவிட்டோம். அவர் என்னிடம் சர்க்கரை கடன் கேட்காததன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சாப்பாடு பற்றிச் சித்திக்குச் சொல்லுங்கள்: டூரியன் இனத்தார் கடையில் என்ன மணந்தாலும் நமக்கு ஆகாது. அவர்கள் உடம்பின் அமினோ அமிலங்கள் நம்முடையதற்குக் கண்ணாடி பிம்பம். தின்றால் ஒன்றும் உடம்பில் ஒட்டாது, யோகமில்லாதவனுக்கு ஒவ்வாமையும் வரும்.

இதெல்லாம் பழகிவிட்டது சித்தப்பா. பழகாதது கீப்பர்கள்தான். பச்சை நிறம், பூச்சி மாதிரி உடம்பு. ஊரின் பராமரிப்பு முழுக்க அவை கையில். பேசாது, கூப்பிட்டால் திரும்பாது. போன வாரம் ஒன்று வந்து என் கதவுக்கு எதிர்ச்சுவரைப் பிரித்தது, உள்ளே எதையோ முடுக்கியது, தடம் தெரியாமல் மூடிவிட்டுப் போனது. யாரும் புகார் செய்யவில்லை, யாரும் சொல்லி அனுப்பவுமில்லை. குறுக்கே போனால் போலீஸ் பிடிக்கும். பிடித்து ஆராயப் பார்த்தால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஒன்று செத்தால் எங்கிருந்தோ இன்னொன்று வருகிறது, எண்ணிக்கை மாறுவதே இல்லை.

கி.மு. 580-இல் அசாரி இனத்தார் வந்து பார்த்தபோது ஊர் காலி, கீப்பர்கள் மட்டும் துடைத்துக்கொண்டிருந்தனவாம். அன்று குடியேறியவர்கள்தான். கட்டியது புரோத்தியன் என்ற பழைய இனம், அவர்கள் அழிந்து ஐம்பதாயிரம் வருஷம் ஆகிறது என்பது எல்லாரும் சொல்லும் கதை. வீட்டுக்காரர் முகம் தெரியாமல், வேலையாள் மட்டும் நாள் தவறாமல் பெருக்கிவிட்டுப் போகும் வாடகை வீட்டில் நீங்கள் இருப்பீர்களா? இங்கே 1 கோடியே 32 லட்சம் பேர் இருக்கிறோம். ஷெப்பர்ட் என்ற படைத்தளபதி, கட்டியவர்கள் வேறு, திரும்பி வரப்போகிறார்கள் என்று எச்சரித்ததாகப் பேச்சு. பேரவை அதற்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டது. லிஃப்டுக்குள் செய்தி வாசிக்கிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தம்பிக்கு இங்கே வேலை பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள், கிடங்கில் ஆள் தேவை. வரும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவரட்டும். அறைக்கு மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் அட்வான்ஸ் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்