இரண்டு பக்கமும் சமம்

பி.காம். முதலாண்டில் சொல்லித்தரும் முதல் தர்மம்: ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு உண்டு. 1494இல் வெனிஸில் லூக்கா பச்சியோலி என்ற துறவி அச்சேற்றிய முறை இது. ஆசையைத் துறந்தவர்தான் கணக்கெழுத லாயக்கு என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் இருப்பாய்வு ஒத்துவராவிட்டால் மாணவர் கலங்க வேண்டாம். வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்; ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. ஒத்துவந்தாலும் குதிக்கக் கூடாது. எழுதாமலே விட்ட பதிவையும், ஒன்றையொன்று ஈடுகட்டும் தப்புகளையும் இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது. பாடப்புத்தகமே இதைத் தனித் தலைப்புப் போட்டுச் சொல்கிறது. பையன்கள் அதைத் தேர்வுக்காகப் படிக்கிறார்கள். சிலர் தொழிலுக்காகப் படிக்கிறார்கள்.

சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரியில் ஒரு கடிதம் எழுதினார்: ஏட்டில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அதுவரை ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருந்தன. தணிக்கையாளர் கையெழுத்தும் இருந்தது. நம் ஹாஸ்டல் பையனோ பத்து ரூபாய் உதைக்கிறதென்று விடிய விடிய விழித்திருக்கிறான். பெரிய வேலைக்குப் போக இன்னும் பக்குவம் போதாது.